‘கடைசிப் பத்துப் பக்கத்தில் இப்படி ஏமாற்றலாமா?’

மதிப்பிற்குரிய டாக்டர் அம்மா அவர்களுக்கு, வணக்கம்.

இதைப் படித்துவிட்டு நீங்கள் சிரிக்கக்கூடும். மாமியார் கொடுமை, பிள்ளை படிக்கவில்லை, வீட்டுக்காரர் குடிக்கிறார் என்றெல்லாம் உங்களுக்குக் கடிதம் வரும். என் பிரச்சினை ஒரு கிரைம் நாவலின் முடிவு. என் மகளிடம் சொன்னபோது, “இதுக்குப் போய் யாராவது டாக்டருக்கு லெட்டர் போடுவாங்களாம்மா?” என்றாள். போடலாம் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தப் புத்தகத்தை முடித்த நாளிலிருந்து எனக்கு ஒழுங்கான தூக்கம் இல்லை.

எனக்கு 53 வயது. பழைய வண்ணாரப்பேட்டையில் இருக்கிறேன். வீட்டிலேயே ஜாக்கெட் தைக்கிறேன். எம்.சி. ரோட்டில் புடவை எடுப்பவர்கள் ஃபால்ஸ் அடிக்கவும் என்னிடம் வருவார்கள். படிப்பு பத்தாவதோடு நின்றது, வாசிப்பு நிற்கவில்லை. சின்ன வயதில் அப்பா மூர் மார்க்கெட்டுக்குக் கூட்டிப்போய்ப் பழைய புத்தகம் வாங்கித் தருவார். 1985இல் அது எரிந்துபோன பிறகு அல்லிக்குளம் காம்ப்ளக்ஸுக்குப் போனோம். கல்யாணமாகி வந்த பிறகு தெருமுனைப் பெட்டிக்கடையில் கயிற்றில் கிளிப் போட்டுத் தொங்கும் மாத நாவல்கள். அதில் ஒரு எழுத்தாளர், பெயர் வேண்டாம், ஒரே இன்ஸ்பெக்டரை வைத்து வருஷக்கணக்காக எழுதிக்கொண்டு வந்தார். அந்த இன்ஸ்பெக்டர் வரும் நாவல் ஒன்றைக்கூட நான் விட்டதில்லை. சொந்தக்காரர் வீட்டு விசேஷத்தை விட்டிருக்கிறேன், இதை விட்டதில்லை.

எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வாங்கியதும் முதல் பக்கத்தில் என் பெயரையும் தேதியையும் எழுதுவேன். படித்துக்கொண்டே வரும்போது ‘இவன்தான் கொலைகாரன்’ என்று பிடிபட்டதும், அந்தப் பக்கத்து ஓரத்திலேயே பென்சிலால் எழுதிவைப்பேன். பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கும். “உன்னிய போலீஸ்ல சேத்துருக்கணும்” என்பார் என் வீட்டுக்காரர். அவர் கண்டெய்னர் லாரி ஓட்டினார். போன ஆடியில் மாரடைப்பில் தவறிவிட்டார். அது வேறு விஷயம்.

நாவலுக்கு வருகிறேன். இனி அந்த இன்ஸ்பெக்டர் வரமாட்டார், இதுதான் நிறைவு என்று அறிவித்து, கெட்டி அட்டை போட்டு 450 ரூபாய்க்குப் புத்தகம் வந்தது. ஏற்காட்டில் ஒரு பங்களா, காபி எஸ்டேட் முதலாளி கொலை. சந்தேகம் டாக்டர் மேல், கணக்குப்பிள்ளை மேல், சின்ன மருமகள் மேல். நான் கணக்குப்பிள்ளை என்று 140ஆம் பக்கத்தில் எழுதினேன். 410 பக்கம் வரைக்கும் நன்றாகத்தான் போனது. அதற்குப் பிறகு கடைசிப் பத்துப் பக்கம். கொலை நடந்த அறையில் இன்ஸ்பெக்டரின் கைரேகையே கிடைக்கிறது. எப்படி? இன்ஸ்பெக்டருக்கு இரட்டைப் பிறவியாக ஒரு தம்பி இருக்கிறானாம்! சின்ன வயதிலேயே பிரிந்துபோனவனாம்! அவன்தான் கொலைகாரனாம்!

டாக்டர் அம்மா, அந்த இன்ஸ்பெக்டரின் அம்மா வைக்கும் வத்தக்குழம்பு வரைக்கும் எங்களுக்குத் தெரியும். தம்பி இருப்பதாக இத்தனை வருஷத்தில் ஒரு வரி, ஒரு போட்டோ, பேச்சுவாக்கில் ஒரு பெயர் கிடையாது. திடீரென்று கடைசியில் ஒருத்தன் வந்து நிற்கிறான், இவனும் இந்தக் குடும்பம்தான் என்கிறார்கள். அப்படியானால் இதுவரைக்கும் படித்ததெல்லாம் என்ன? சரி, அதையாவது ஒழுங்காகச் செய்தாரா? இரட்டையருக்கு டி.என்.ஏ. ஒத்துப்போகலாம், கைரேகை ஒத்துப்போகாது. இதே எழுத்தாளர் முன்பு ஒரு நாவலில் இதை வைத்துத்தான் முடிச்சையே அவிழ்த்தார். உலகத்தின் முதல் கைரேகை அலுவலகம் 1897இல் கல்கத்தாவில் தொடங்கியது என்பதையே அந்த நாவலில் படித்துத்தான் நான் தெரிந்துகொண்டேன். சொல்லிக்கொடுத்தவரே மறந்துவிடுவாரா?

பதிப்பகத்துக்குக் கடிதம் போட்டேன். பதில் இல்லை. மறுபடியும் போட்டேன். “இத்தனை வருஷம் உங்களை நம்பினேனே, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று கேட்டிருந்தேன். அதற்கும் பதில் இல்லை. ஷெர்லாக் ஹோம்ஸை 1893இல் சாகடித்தவரையே வாசகர்கள் சும்மா விடவில்லை, 1903இல் அவரே ஹோம்ஸை உயிரோடு திரும்பக் கொண்டுவந்தார் என்று படித்திருக்கிறேன். நான் கேட்டால் மட்டும் தப்பா?

இதே நினைப்பில் வேலையும் கெடுகிறது. போன வாரம் ஒரு கல்யாண ஜாக்கெட்டுக்குக் கைக்குழியை மாற்றி வெட்டிவிட்டேன். பட்டுத் துணி. என் கைக்காசு போட்டு வாங்கிக்கொடுத்தேன். மிஷினில் உட்கார்ந்தால் அந்தக் கடைசிப் பத்துப் பக்கம்தான் கண்ணில் நிற்கிறது.

இடையில் ஒன்று சொல்ல விட்டுப்போச்சு. இதற்கும் நாவலுக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் எழுதுகிறேன். நான் படித்து முடித்த நாவல்களை இவர் லாரியில் எடுத்துப்போவார். இவருக்கு இரண்டு பக்கம் சேர்ந்தாற்போல் படிக்கிற பொறுமை கிடையாது. ஆனால் ஜீரோ கேட் வழியாக ஹார்பருக்குள் நுழைவதற்குள் வண்டி எர்ணாவூரிலேயே க்யூவில் நின்றுவிடும், சில நாள் ஒரு ராத்திரி, சில நாள் இரண்டு ராத்திரி. பொழுது போக வேண்டுமே என்று கொடுத்தனுப்புவேன். புத்தகம் திரும்பி வராது. “க்ளீனர் பையன் எடுத்துக்கினான்” என்பார். இவர் காரியமெல்லாம் முடிந்த பிறகு, காலேஜ் படிக்கிற ஒரு பையன் இரண்டு கட்டைப் பை நிறைய அந்த நாவல்களைக் கொண்டுவந்து வாசலில் வைத்தான். எர்ணாவூராம். இவர்தான் அவனுக்கும் அப்பாவாம். அவன் அம்மாவுக்கு ஏதோ கோயிலில் வைத்துத் தாலி கட்டினாராம். பத்தொன்பது வயசு. அவன் முகத்தைப் பார்த்த பிறகு ஆதாரம் எதுவும் கேட்க வேண்டியிருக்கவில்லை. “இதெல்லாம் உங்களோடது பெரியம்மா” என்றான். பெரியம்மாவாம்! மிஷின் மேல் அந்தப் புது நாவல் கவிழ்த்து வைத்திருந்ததைப் பார்த்துவிட்டு, “கடைசிப் பத்துப் பக்கம் நல்லா இருக்காது, படிக்காதீங்க” என்றான். காலேஜில் அப்பாவின் இறப்புச் சான்றிதழ் நகல் கேட்கிறார்கள் என்றான். இல்லை என்று சொல்லிக் கதவைச் சாத்திவிட்டேன்.

என் கோபம் என்னவென்றால், அந்தப் புத்தகங்களைப் பாழாக்கி வைத்திருக்கிறான். நான் பென்சிலில் எழுதியதற்குக் கீழே நீல மையில் கிறுக்கியிருக்கிறான். நான் ‘டாக்டர்’ என்று எழுதியிருந்தால், அதன் கீழே ‘இல்லை, வாட்ச்மேன்’ என்று எழுதியிருக்கிறான். அடுத்தவர் புத்தகத்தில் இப்படியா எழுதுவார்கள்? இரண்டு மூன்று இடத்தில் அவன் எழுதியதுதான் சரி, அது வேறு விஷயம்.

என் தம்பி, “யக்கா, நீ ஒண்ணும் வாயத் தொறக்காத. ரெண்டு பேரு பேரப் போட்டு சர்டிபிகேட்ட வாங்கிடு, அப்பால பாத்துக்கலாம்” என்றான். வாரிசுச் சான்றிதழுக்கு என் பெயர், மகள் பெயர் மட்டும் போட்டு இ-சேவையில் கொடுத்துவிட்டோம். மகளுக்கு எதுவும் தெரியாது. துக்க வீட்டில் வருஷம் திரும்புவதற்குள் ஒரு நல்ல காரியம் நடக்க வேண்டும் என்று பெரியவர்கள் சொல்லித் தையில் அவளுக்குக் கல்யாணம் வைத்திருக்கிறோம். எங்கள் தெருவிலேயே சிலருக்கு முன்பே தெரியுமாம். இவரோடு க்யூவில் நிற்கிற டிரைவர்களுக்கெல்லாம் தெரியுமாம். சரி, அதை விடுங்கள்.

நான் கேட்க வந்தது இதுதான். ஒரு வாசகியை இப்படி ஏமாற்றிவிட்டு ஒரு எழுத்தாளர் பேசாமல் இருக்கலாமா? எனக்கு அந்தப் பழைய நாவல்களைப் பார்த்தாலே எரிகிறது. அத்தனையையும் பழைய பேப்பர் கடையில் போட்டுவிடலாம் என்று இருக்கிறேன். போடலாமா? இதைப் பேச எனக்கு ஒரு ஆள்கூட இல்லை. ஒரு கதைக்காக இப்படித் தூக்கம் கெடுவது மனநோயா? பதில் எழுதுங்கள். பெயர் போட வேண்டாம்.

இப்படிக்கு,
பழைய வண்ணாரப்பேட்டை வாசகி

*

அன்புள்ள சகோதரி,

நான் சிரிக்கவில்லை. நாவல் விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன், ஏனென்றால் அதில் நீங்கள் சொல்வது முழுக்கச் சரி. ரொனால்ட் நாக்ஸ் என்ற ஆங்கிலேயப் பாதிரியார், அவரே துப்பறியும் கதை எழுதியவர், 1929இல் அந்த வகைக் கதைகளுக்குப் பத்துக் கட்டளைகள் வகுத்தார். பத்தாவது கட்டளையே, வாசகரை முன்கூட்டித் தயார் செய்யாமல் இரட்டையரைக் கொண்டுவரக் கூடாது என்பதுதான். துப்பறிகிறவர் கண்ணில் படும் தடயம் உடனே வாசகர் கண்ணிலும் பட வேண்டும் என்பது எட்டாவது. கைரேகையிலும் நீங்கள் சொன்னதுதான் உண்மை. ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையருக்கும் விரல் ரேகை வயிற்றில் இருக்கும்போதே வேறு வேறாக அமைந்துவிடும். ஆக, எழுத்தாளர் சறுக்கிவிட்டார். பதிப்பகம் பதில் போட்டாலும் போடாவிட்டாலும் தீர்ப்பு உங்கள் பக்கம்.

தீர்ப்புக் கிடைத்துவிட்டது. இன்று ராத்திரி தூக்கம் வருமா? வராது என்றுதான் நினைக்கிறேன்.

உங்கள் கடிதத்தை மறுபடியும் படித்தேன். இந்தத் தடவை, சம்பந்தமில்லை என்று நீங்கள் ஓரமாக ஒதுக்கிய வரிகளை மட்டும். நீங்கள் அனுப்ப நினைக்காத கடிதம் ஒன்று அதில் இருக்கிறது. கூட வாழ்ந்த மனிதருக்கு எர்ணாவூரில் இன்னொரு வீடு இருந்திருக்கிறது. அவர் போன பிறகுதான் உங்களுக்குத் தெரிகிறது. ஏன்யா இப்படிச் செய்தாய் என்று சட்டையைப் பிடித்துக் கேட்க அவர் இல்லை. துக்கம் விசாரிக்க வருகிறவர்கள் ‘தங்கமான மனுஷன்’ என்று சொல்லும்போது தலையாட்டித்தான் ஆக வேண்டும். செத்தவரைத் திட்டக் கூடாது என்று வளர்ந்தவர்கள் நாம். எழுத்தாளர் உயிரோடு இருக்கிறார், பதிப்பகத்துக்கு முகவரி இருக்கிறது, தபால் பெட்டி பக்கத்தில் இருக்கிறது. “இத்தனை வருஷம் உங்களை நம்பினேனே, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதா?” என்று எழுதினீர்களே, ஒரு நாவலாசிரியரிடம் யாரும் அப்படிக் கேட்பதில்லை. அந்தக் கடிதத்துக்குப் பதில் வராது. யாரிடமிருந்து வர வேண்டுமோ அவரிடமிருந்து இனி வர வழியில்லை.

திட்டுங்கள். வீட்டில் யாரும் இல்லாத நேரம் பார்த்து, படத்துக்கு முன்னால் நின்று, உங்கள் தெருப் பாஷையிலேயே நன்றாகத் திட்டுங்கள். அவர் நல்ல அப்பாவாக இருந்திருக்கலாம், உங்கள் நாவல் பைத்தியத்தைக் கேலி செய்யாத கணவராக இருந்திருக்கலாம். உங்களுக்குச் செய்தது துரோகம்தான். அதைச் சொன்னால் பாவம் ஒன்றும் வந்துவிடாது.

ஆனால் உங்களை அதிகமாகச் சுடுவது அந்தத் துரோகம்கூட இல்லை என்று எனக்குப் படுகிறது. தெருவில் சிலருக்குத் தெரியும், டிரைவர்களுக்கெல்லாம் தெரியும் என்று எழுதிவிட்டு, ‘எனக்கு மட்டும் தெரியவில்லை’ என்று எழுத வேண்டிய இடத்தில் ‘சரி, அதை விடுங்கள்’ என்று தாண்டிப் போயிருக்கிறீர்கள். பக்க ஓரத்தில் கொலைகாரன் பெயரை எழுதிவைக்கிறவர் நீங்கள். போலீஸில் சேர்த்திருக்க வேண்டும் என்று பெயர் வாங்கியவர், அதுவும் யாரிடம்! இப்போது தைக்கிற மிஷினில் உட்கார்ந்தபடி எல்லாவற்றையும் பின்னோக்கிப் புரட்டிப் பார்க்கிறீர்கள். க்யூ எப்போதும் எர்ணாவூரில் நிற்கும். இரண்டு பக்கம் படிக்கப் பொறுமையில்லாதவர் புத்தகமாக எடுத்துப்போவார். ஒன்றும் திரும்பாது. தடயம் எல்லாம் கண்முன்னால் இருந்ததே, எப்படி விட்டேன்?

விட்டதற்குக் காரணம் உங்கள் மூளை அல்ல. கிரைம் நாவலைக் கையில் எடுக்கும்போதே இதில் யாரோ பொய் சொல்கிறார்கள் என்று தெரிந்துதான் எடுக்கிறோம். அட்டையிலேயே கத்தியும் ரத்தமும் இருக்கும். இரண்டு ராத்திரி லாரியில் உட்கார்ந்து கண் சிவந்து வருகிறவருக்குத் தோசை ஊற்றும்போது யாரும் அந்தக் கண்ணால் பார்ப்பதில்லை, பார்த்தால் ஒரு மாதம்கூடக் குடும்பம் நடத்த முடியாது. அந்தக் க்யூவும் பொய் இல்லையே. எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரிகள் வரிசைகட்டி நின்றதை வடசென்னையில் பார்க்காதவர் உண்டா? அவர் தேர்ந்தெடுத்த பொய்யில் முக்கால்வாசி உண்மை இருந்தது. தெருவில் தெரிந்துவைத்திருந்தவர்களும் உங்களைவிடக் கெட்டிக்காரர்கள் அல்லர். அவர்கள் எதையும் கண்டுபிடிக்கவில்லை, யாரோ அவர்களிடம் சொன்னார்கள். உங்களிடம் யாரும் சொல்லவில்லை. அதற்காக நீங்கள் தலைகுனிந்து தெருவில் நடக்க வேண்டியதில்லை. வாயை மூடிக்கொண்டிருந்தவர்கள் குனியட்டும்.

பழைய பேப்பர் கடைக்கு வருகிறேன். டேனியல் கானமன் என்று ஒரு உளவியல் அறிஞர், 2002இல் பொருளாதாரத்துக்கான நோபல் பரிசு பெற்றவர். ஒருவர் அவரிடம் தன் அனுபவம் ஒன்றைச் சொன்னாராம். இருபது நிமிடம் அற்புதமான இசைத்தட்டு ஒன்றைக் கேட்டிருக்கிறார், கடைசியில் தட்டு கீறிப்போய்க் காதைக் கிழிக்கிற மாதிரி ஒரு சத்தம். ‘மொத்தமும் பாழாகிவிட்டது’ என்றாராம். கானமன் அதை ஒத்துக்கொள்ளவில்லை. அந்த இருபது நிமிட இசையைக் கேட்டது கேட்டதுதான், பாழானது அதைப் பற்றிய ஞாபகம் மட்டுமே என்கிறார். நம் மனசு ஒரு அனுபவத்தை அதன் உச்சத்தையும் முடிவையும் வைத்தே எடைபோடுகிறது, நடுவில் இருந்த நீளத்தைக் கணக்கில் எடுப்பதில்லை என்பது அவருடைய ஆய்வின் சாரம். ‘அப்படியானால் இதுவரைக்கும் படித்ததெல்லாம் என்ன?’ என்ற உங்கள் கேள்வி நாவலைப் பற்றியது இல்லை என்பது உங்களுக்கே தெரியும். படித்ததெல்லாம் படித்ததுதான். வாழ்ந்ததில் எது நிஜம், எது நடிப்பு என்று பிரிக்க வருஷங்கள் ஆகலாம், சிலது பிரியாமலே போகலாம். அந்த வேலை பாதியில் இருக்கும்போது எதையும் எடைக்குப் போடாதீர்கள்.

இனி எழுதப்போவது உங்களுக்குப் பிடிக்காது.

புத்தகத்தைப் பாழாக்கிவிட்டான் என்கிறீர்கள். ஒரு பையன், நேரில் பார்த்திராத ஒருவருடைய பென்சில் எழுத்தோடு மல்லுக்கு நின்றிருக்கிறான். நீங்கள் டாக்டர் என்றால் அவன் வாட்ச்மேன் என்றிருக்கிறான். சில இடத்தில் அவன் ஜெயித்தான் என்று நீங்களே தேடிப் பார்த்திருக்கிறீர்கள், அதாவது கட்டைப் பையிலிருந்து எடுத்து ஒவ்வொன்றாகப் புரட்டியிருக்கிறீர்கள்! முதல் பக்கத்தில் இருக்கும் பெண் பெயர் யாருடையது என்று அவன் அப்பாவிடம் எந்த வயதில் கேட்டான், என்ன பதில் கிடைத்தது, அது நமக்குத் தெரியாது. மறைக்கப்பட்டது உங்களிடம் மட்டும்தான் என்று முடிவுகட்டிவிடாதீர்கள். அவன் ஒருவேளை உங்களைப் பற்றித் தெரிந்தும் வாயைத் திறக்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டிருக்கலாம். அதுவும் சுமைதான். இதைப் பேச ஒரு ஆள்கூட இல்லை என்கிறீர்கள். அந்த முடிவு மோசம் என்று உங்களுக்கு முன்பே சொன்ன ஒரே வாசகனை வாசலோடு திருப்பி அனுப்பியிருக்கிறீர்கள்.

அவன் மேல் பாசம் வர வேண்டும் என்று நான் சொல்லவில்லை. வீட்டுக்குள் கூப்பிட்டுச் சோறு போட வேண்டாம். பெரியம்மா என்று அழைப்பது பிடிக்கவில்லை என்றால் அதை அவனிடமே சொல்லலாம். அவன் அம்மாவை நீங்கள் பார்க்கவே தேவையில்லை. ஆனால் அந்தச் சான்றிதழ் நகலைக் கொடுத்துவிடுங்கள். மாநகராட்சி இணையதளத்தில் அவனே எடுத்துக்கொள்ளக்கூடிய காகிதம்தான் அது. அதைக் கேட்டு உங்கள் வாசலுக்கு ஏன் வந்தான் என்பது அவனுக்குத்தான் தெரியும். எப்படியிருந்தாலும், நீங்கள் கதவைச் சாத்த வேண்டிய ஆள் அவன் இல்லை.

அடுத்தது உங்கள் மகள். குடும்பத்தில் இன்னொருவன் இருப்பதைக் கடைசிவரை சொல்லாமல் மறைத்ததுதானே அந்த எழுத்தாளர் மேல் உங்கள் வழக்கு? இப்போது மகளுக்கு நீங்கள் செய்வது என்ன? அவளும் இந்த வீட்டில் அதே லாரிக்காகக் கண் விழித்துக் காத்திருந்தவள்தான். தெருவில் தெரிந்த விஷயம் கல்யாண மண்டபத்துக்கு வராது என்று யாராலும் உத்தரவாதம் கொடுக்க முடியாது. பந்தியில் யாரோ ஒருவர் வாய்தவறிச் சொல்லி, அல்லது வேண்டுமென்றே சொல்லி, அவள் காதுக்குப் போகட்டும் என்று விட்டுவிடுவீர்களா? அப்போது அவள் அப்பா மேல் கோபப்பட மாட்டாள், அவர் இல்லை. ‘உனக்குத் தெரியுமாம்மா?’ என்று உங்களைத்தான் கேட்பாள்.

வாரிசுச் சான்றிதழ் விஷயத்தில் உங்கள் தம்பி சொன்னதைக் கேட்டது தவறு. பாசத்தில் சொல்லியிருப்பார், ஆனாலும் தவறு. முதல் மனைவி உயிரோடு இருக்கும்போது செய்த இரண்டாவது கல்யாணம் 1955ஆம் ஆண்டு இந்து திருமணச் சட்டப்படி செல்லாது. அந்தப் பெண்மணிக்கு மனைவி என்ற உரிமை வராது, உங்கள் இடத்தை யாரும் எடுத்துக்கொள்ள முடியாது. ஆனால் அதே சட்டத்தின் 16ஆவது பிரிவு, செல்லாத கல்யாணத்தில் பிறந்த பிள்ளையைச் சட்டப்படியான பிள்ளையாகவே பார்க்கிறது, தகப்பன் சொத்தில் அதற்கு உரிமை கொடுக்கிறது. 2023 செப்டம்பரில் உச்ச நீதிமன்றமும் அப்படிப்பட்ட பிள்ளைகளின் பங்கை உறுதிப்படுத்தியிருக்கிறது. கோயிலில் நடந்ததாக அவன் சொல்வது சட்டத்தின் கண்ணில் கல்யாணம்தானா என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். தெரிந்தே ஒரு பெயரை மறைத்து வாங்கிய சான்றிதழ் பின்னால் ரத்தாகலாம், உங்கள் மகளையும் கோர்ட்டுக்கு இழுக்கலாம். வக்கீலுக்குச் செலவழிக்க வேண்டியதில்லை. 1987ஆம் ஆண்டுச் சட்டப் பணிகள் ஆணையச் சட்டப்படி பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மாநில ஆணையம் பாரிமுனையில் உயர் நீதிமன்ற வளாகத்திலேயே இருக்கிறது, 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். விண்ணப்பம் விசாரணைக்கு வருவதற்குள் போங்கள்.

மனநோயா என்று கேட்டீர்கள். இல்லை. இரண்டு துக்கம் ஒரே நேரத்தில் வந்திருக்கிறது. ஒன்றுக்குத்தான் ஊர்கூடி அழுதது, மற்றொன்றை யாரிடமும் சொல்ல முடியாமல் நாவல் அட்டைக்குள் வைத்திருக்கிறீர்கள். தூக்கமில்லாமல் இப்படியே நீடித்தால் ஒரு மனநல மருத்துவரைப் பாருங்கள், கூச்சப்பட ஒன்றுமில்லை. நடு ராத்திரியில் நெஞ்சை அடைக்கிற மாதிரி இருந்தால் 14416 என்ற டெலி மானஸ் எண்ணைக் கூப்பிடுங்கள், அது அரசின் மனநல உதவி எண். எந்த நேரமும் தமிழில் பேச ஆள் இருப்பார்கள், கட்டணம் கிடையாது. பதிப்பகத்துக்கு இனி எழுத வேண்டாம்.

மகளிடம் எப்படித் தொடங்குவது என்று தயங்குவீர்கள். தம்பியைப் பக்கத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டு பேரும் லீவில் இருக்கும் ஒரு நாள், காலை வேலையெல்லாம் முடிந்த பிறகு, அந்தக் கட்டைப் பையை நடுவில் வைத்துக்கொண்டு, பையன் வந்த அன்று நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். அப்பாவை நல்லவர் என்றோ கெட்டவர் என்றோ நீங்கள் முடிவு சொல்ல வேண்டாம். அவள் அழுவாள், கத்துவாள், சில நாள் பேசாமலும் இருப்பாள். சம்பந்தி வீட்டுக்கு எப்போது சொல்வது, எவ்வளவு சொல்வது என்பதை அவளே முடிவுசெய்யட்டும், கல்யாணம் அவளுடையது. வக்கீலைப் பார்க்கப் போகும்போது அவளையும் கூட்டிக்கொண்டு போங்கள்.